தவறவிட்டதை எண்ணுவது எப்படி?

நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் 1969-இல் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் ஒரு புதுவழியைத் திறந்தார்கள். வளையும் குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்தி, பாலிப் என்னும் சதை வளர்ச்சியை மெல்லிய கம்பிக் கண்ணியால் இறுக்கி, மின்சாரத்தால் அறுத்தெடுக்கும் முறை அது. அதுவரை பெருங்குடலின் உட்பகுதியில் இருக்கும் பாலிப்பை அகற்ற வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் குழாய்வழிப் பரிசோதனையான கொலோனோஸ்கோபி உலகெங்கும் பரவியது. கூடவே ஒரு சிக்கலும் வளர்ந்தது. அறுத்தெடுத்த பாலிப்பை எண்ணிவிடலாம். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்து மருத்துவர் கண்ணுக்குத் தப்பியதை எப்படி எண்ணுவது?

எண்ணியே ஆக வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பங்கு அடினோமா என்னும் வகைப் பாலிப்பிலிருந்து, பல ஆண்டுகளில் மெல்ல உருவாகிறது. தப்பிய ஒரு பாலிப் பின்னாளில் உயிரையே கேட்கலாம். அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு, 1993-இல் தன் முடிவை வெளியிட்டது. அடினோமா அகற்றப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை புற்றுநோய் குறைந்திருந்தது. ஆனால் 'எதிர்பார்த்தது' என்ற அளவு, வேறிடங்களில் சேகரிக்கப்பட்ட மூன்று பழைய தொகுதிகளிலிருந்து வந்தது. பாதிப் பேருக்குப் பாலிப்பை அப்படியே விட்டுவைத்துப் பார்ப்பதை மருத்துவ அறம் அனுமதிக்காது. ஆகவே அந்தப் பெரிய எண்ணுக்குள் ஒப்பீட்டின் பலவீனமும் சேர்ந்தே இருந்தது.

தப்பியதை நேரடியாக எண்ண, ஒரே நாளில் ஒருவருக்கே இரண்டு முறை கொலோனோஸ்கோபி செய்யும் ஆய்வுகள் பிறந்தன. இந்தியானா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ரெக்ஸ் குழுவினர் 183 பேரை அப்படிச் சோதித்து 1997-இல் வெளியிட்ட கணக்கு மருத்துவ உலகை உலுக்கியது. முதல் பார்வையில் 24 சதவீத அடினோமாக்கள் தப்பியிருந்தன. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 6 சதவீதம். 5 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ளவற்றில் 27 சதவீதம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரு புத்தகத்தின் அச்சுப்படியை இரண்டு முறை திருத்தினாலும், இரண்டு முறையும் கண்ணில் படாத பிழை கணக்கில் வராது. இங்கும் அதே நிலை. போதாக்குறைக்கு, இன்னொரு பார்வை காத்திருக்கிறது என்று தெரிந்த மருத்துவரின் கை வழக்கம்போல இயங்காது.

அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள் மூன்றில் 1,233 பேரிடம் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வு, தனி நடுவர் ஒருவரைக் கொண்டுவந்தது: சி.டி. ஸ்கேன். மருத்துவர் ஸ்கேன் முடிவு தெரியாமலே குடலைப் பார்ப்பார். ஒரு பகுதியைப் பார்த்து முடித்த பிறகே, அந்தப் பகுதியில் ஸ்கேன் காட்டியது என்ன என்று சொல்வார்கள். விடுபட்டிருந்தால் திரும்பிப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அடினோமாக்களில் கொலோனோஸ்கோபி கண்டது 87.5 சதவீதம், ஸ்கேன் கண்டது 93.8 சதவீதம். பெரிய பாலிப்கள், இரட்டைப் பரிசோதனை காட்டியதைவிட அதிகம் தப்பியிருந்தன.

அடுத்து மருத்துவர்களையே அளக்கும் காலம் வந்தது. சோதிக்கப்பட்ட நூறு பேரில் எத்தனை பேரிடம் ஓர் அடினோமாவாவது கிடைத்தது என்பதே அளவுகோல். வட கலிஃபோர்னியாவின் கைசர் மருத்துவக் குழுமத்தில் 136 மருத்துவர்கள் செய்த 3,14,872 பரிசோதனைகளை டக்ளஸ் கோர்லி குழு 2014-இல் அலசியபோது, இந்த விகிதம் ஆளுக்கு ஆள் 7.4 முதல் 52.5 சதவீதம் வரை வேறுபட்டது. விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால், பின்னாளில் வரும் புற்றுநோய் 3 சதவீதம் குறைந்தது. வலுவான சான்றுதான். ஆனாலும் ஒரு பாலிப்பைக் கண்டவரும் ஐந்தைக் கண்டவரும் இந்தக் கணக்கில் ஒன்றே.

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்தால் ஐயம் தீருமா? நாரோ பேண்ட் என்ற குறுகிய அலைவரிசை ஒளியைச் சாதாரண ஒளியோடு ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு சொன்ன பாடம் இங்கே முக்கியம். முதல் நூறு பேரில் புதிய ஒளி 26.5 சதவீதத்தினரிடமும் பழைய ஒளி 8 சதவீதத்தினரிடமும் அடினோமாவைக் கண்டது. கடைசி நூறு பேருக்கு வரும்போது வேறுபாடே இல்லை. காரணம், பழைய ஒளியின் எண்ணிக்கை ஏறியிருந்தது. புதிய ஒளியில் பாலிப்களைப் பார்த்துப் பழகிய கண், பழைய ஒளியிலும் அவற்றை அடையாளம் காணத் தொடங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். நோயாளிகள் இரு குழு. மருத்துவரின் கண்ணோ ஒன்றுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்தபோது இந்தக் கவலை கூர்மையானது. சீனாவின் சிச்சுவானில் பு வாங் குழுவினர் 1,058 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையில், திரையில் பாலிப்பைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் துணையோடு 29.1 சதவீதத்தினரிடமும், துணையின்றி 20.3 சதவீதத்தினரிடமும் அடினோமா கிடைத்தது. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை. எந்த நோயாளிக்கு மென்பொருள் இயங்குகிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். அது தரும் ஆர்வமே எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம். அதே குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட சோதனையில் பாலிப் போலத் தோன்றும் வேறெதையோ சுட்டும் போலி மென்பொருளை மறுதரப்புக்குக் கொடுத்தது. எது அசல் என்று மருத்துவருக்குத் தெரியாது. 34 சதவீதத்துக்கு 28 சதவீதம் என வேறுபாடு சுருங்கியது, மறையவில்லை.

இவ்வளவு உழைப்பும் கண்டறிதலைப் பற்றியது. புற்றுநோயைத் தடுப்பதைப் பற்றிய கேள்விக்கு 84,585 பேரைக் கொண்ட நார்டிக் ஆய்வு 2022-இல் பதில் தேடியது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதமே. அழைக்கப்பட்ட எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் பத்தாண்டுகளில் புற்றுநோய், அழைக்கப்படாதவர்களைவிட 18 சதவீதம் குறைவு. எல்லாரும் வந்திருந்தால் 31 சதவீதம் குறைந்திருக்கும் என்பது மதிப்பீடு. செய்தி ஊடகங்கள் பல முதல் எண்ணையே முன்னிறுத்தின. மக்களை அழைப்பதன் பலனும் பரிசோதனை செய்துகொள்வதன் பலனும் வேறு வேறு என்று அவை விளக்கியிருக்க வேண்டும்.

போலந்திலிருந்து 2025-இல் வந்த செய்தி இன்னொரு கதவைத் திறக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் மருத்துவர்களின் கண்டறியும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகச் சரிந்திருந்தது. வரவுக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிட்ட ஆய்வு இது. மென்பொருளே காரணம் என்று அடித்துச் சொல்ல இதன் அமைப்பு இடம் தராது. அதற்கு நோயாளிகளுக்குப் பதிலாக மருத்துவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, மென்பொருளோடு பழகியவர்களையும் பழகாதவர்களையும் அது இல்லாத அறையில் சோதிக்க வேண்டும். மருத்துவமனைகள் எல்லாம் அந்தக் கருவியை வாங்கி முடிப்பதற்குள் அது நடந்தாக வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகாத கண்கள் கிடைப்பது அரிது.