அபராதம் கொஞ்சம், சரித்திரம் நிறைய!

ஒரு நாளைக்கு எத்தனை வழக்குகள்! திருக்கனூர் பக்கம் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை... எல்லாம் புதுச்சேரி கோர்ட் படியேறுகின்றன. அத்தனைக்கும் விக்கிபீடியாவில் தனிக் கட்டுரை போட முடியுமா? முடியாதுதான். அப்படியென்றால் எந்த வழக்குக்கு அங்கே இடம்?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 'குறிப்பிடத்தக்கமை' என்பார்கள். வாதி, பிரதிவாதியைச் சாராத நம்பகமான எழுத்துகள் அந்த வழக்கை விரிவாகப் பேசியிருக்க வேண்டும். நாலு நாள் பேப்பரில் அடிபட்டால் மட்டும் போதாது.

இந்த அளவுகோலோடு 1873-க்கு வாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் நீதிமன்றத்துக்குள் நுழைகிறார். உடுப்பு நம்மூர் உடுப்பு. காலில் மட்டும் ஐரோப்பிய ஷூ! நீதிபதிக்குக் கோபம். 'உள்ளூர்க்காரன் ஷூ போட்டுக்கொண்டு வருவதா? கோர்ட்டுக்கே அவமரியாதை!' அபராதம் விழுந்தது.

வேறொருவராக இருந்தால் கட்டிவிட்டு, மறுநாள் வெறுங்காலோடு வந்திருப்பார். பொன்னுத்தம்பி கடல் தாண்டி, பாரிஸ் உச்ச நீதிமன்றத்துக்கே மேல்முறையீடு செய்தார். அபராதம் ரத்தானது!

'சரி சார், ஒரு மனுஷனின் ரோஷம். அவரைப் பற்றிய கட்டுரையில் நாலு வரி போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல வழக்குகளுக்கு அதுதான் சரியான இடமும்கூட. ஆனால், இந்தக் கதை ஷூவோடு முடியவில்லை.

காலில் கிடைத்த சமத்துவம் சட்டத்திலும் வேண்டும் என்ற இயக்கத்துக்கு அவரே முன்னால் நின்றார். 1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசாணை வந்தது. சாதி, மத வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். எதிர்ப்பும் கிளம்பியது. பழைய வழக்கங்களைக் காக்க சண்முக வேலாயுத முதலியார் அணி திரட்ட, ஊர் அரசியலே இரண்டுபட்டது.

அப்படித் துறந்தவர்கள்தான் 'ரெனோன்சான்'கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது, 'ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது' என்று தனியாக ஒரு பிரிவையே சேர்த்தார்கள். இன்றைக்கும் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, 'எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?' என்று தேடத் தொடங்கினால், அவளுக்கான பதில் அந்த ஒரு ஜோடி ஷூவரைக்கும் போகும். அவள் தேடும் இடத்தில் அது இருக்க வேண்டாமா?

அதனால் என் ஓட்டு தனிக் கட்டுரைக்கே! நாளைக்கு நீங்களும் ஒரு வழக்கைப் பற்றி எழுத உட்காரலாம். அப்போது அபராதம் எவ்வளவு, கூட்டம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். தீர்ப்புக்கு அப்புறம் யாருடைய வாழ்க்கை எப்படி மாறியது, அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் கிடைத்தால் தாராளமாக எழுதுங்கள்!