பிர்னோவிலிருந்து மெட்ராஸ் வரை ஒரு துப்பாக்கி

மரக்காணத்து வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பகலில் அப்பாவின் உப்பளக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் அவர். இரவில் நண்பர்களோடு சேர்ந்து, இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த ஒரு வீடியோ விளையாட்டுக்கு ‘மோட்’ செய்கிறார். கடையில் வாங்கிய விளையாட்டுக்குள் ரசிகர்களே புகுந்து புது ஆயுதம், புது வண்டி, புதுப் போர்க்களம் என்று சேர்ப்பதற்குத்தான் மோட் என்று பெயர். சம்பளமில்லாத வேலை. ஆனால் துருப்பிடித்த ஆணியின் நிறம் தப்பாக இருந்தால்கூடச் சண்டைக்கு வரும் ரசிகர்கள் உண்டு.

இவர்கள் எடுத்துக்கொண்ட கற்பனை இது: 1942 ஏப்ரலில் ஜப்பானியர் மரக்காணம் கரையில் இறங்கியிருந்தால்? தம்பி செக்கோஸ்லோவாக்கியாவின் டாங்கி ஒன்றை ஆணி ஆணியாக உருவாக்கி முடித்துவிட்டார். “அத நம்ம உப்பளத்துல ஓட விடலாமா சார்? இந்தப் பக்கம் அது வந்திருக்கா?” என்பது கேள்வி.

கற்பனைக்கு அடிப்படை இருக்கிறது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். ஆனால் சோழமண்டலக் கரையில் ஒரு ஜப்பானிய வீரனும் இறங்கவில்லை.

அந்த டாங்கியின் கதையே வேறு. பிராகாவின் சி.கே.டி. தொழிற்சாலையில் அலெக்ஸெய் சூரின் என்ற பொறியாளர் வடிவமைத்தது. எல்.டி. 38 என்று பெயர். சுமார் 10 டன் எடை, 37 மில்லிமீட்டர் பீரங்கி, பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரங்கள், இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த உடம்பு. செக்கோஸ்லோவாக்கிய ராணுவம் 1938இல் 150 வண்டிகள் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், நாட்டின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம். 1939 மார்ச் 15ஆம் தேதி ஹிட்லரின் படை பிராகாவுக்குள் நுழைந்தது. கேட்ட ராணுவத்துக்கு ஒரு வண்டிகூடப் போய்ச் சேரவில்லை. தொழிற்சாலையோடு டாங்கியும் ஜெர்மனி கைக்குப் போனது. 1940இல் ஜெர்மன் தளபதி ரோமெல் பிரான்சுக்குள் பாய்ந்தபோது அவருடைய 7ஆவது பான்சர் டிவிஷனில் ஏறக்குறையப் பாதி டாங்கிகள் இவைதான். திரையில் ஜெர்மன் சிலுவையோடு இது வரும்போது, செய்தவர்கள் அடிமைப்பட்ட செக் தொழிலாளர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்திய வீரர்கள் இருந்த திசையில் இந்தக் குடும்பத்து வண்டி வந்தது ஈரானில். இதே நிறுவனம் 1930களில் ஈரானுக்கு 50 டி.என்.எச். டாங்கிகளை விற்றிருந்தது. 1941 ஆகஸ்டில் 8ஆவது, 10ஆவது இந்திய டிவிஷன்கள் ஈரானுக்குள் நுழைந்தபோது அந்த நாட்டு ராணுவத்தில் அவை இருந்தன. தமிழ்நாட்டுக் கரைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் உப்பளத்தில் ஓடியிருக்காது என்பது என் கட்சி. காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தி அது. மேலே பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே உவர்ச்சேறு. வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவே பழக்கம் வேண்டும். விளையாட்டின் கணக்குக்கு அதெல்லாம் வெறும் சமதளம்.

ஆனால் செக் மூளையில் பிறந்த வேறொன்று மெட்ராஸுக்கும் வந்தது, இம்பாலுக்கும் போனது. இங்கிலீஷ்காரப் பெயரில் வந்ததால் யாரும் அதன் ஊரைக் கேட்கவில்லை. அதுதான் பிரென் துப்பாக்கி.

1920களில் வாட்ஸ்லாவ் ஹோலெக் என்பவர் வடிவமைத்து, பிர்னோ நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் தயாரான இலகு இயந்திரத் துப்பாக்கி இசட்.பி. 26. பிரிட்டிஷ் ராணுவம் 1930களின் தொடக்கத்தில் பல துப்பாக்கிகளைப் போட்டிக்கு வைத்துப் பார்த்து, இதைத் தன் .303 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றித் தரச் சொன்னது. 1935இல் உரிமம் வாங்கி, 1937இல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு அரசு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. பிர்னோவின் முதல் இரண்டெழுத்து, என்ஃபீல்டின் முதல் இரண்டெழுத்து, சேர்ந்தால் பிரென். நம் திருவொற்றியூர் புல்லட்டின் பெயரிலும் அந்த ஆலையின் நிழல் உண்டு. அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த உறவில்தான் அந்த மோட்டார் சைக்கிள் கம்பெனி ராயல் என்ஃபீல்டு ஆனது.

மரக்காணத்துக்கு ஒருநாள் போனேன். உப்பு அம்பாரங்களில் பட்டு வரும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அதனால் தம்பி ஜன்னலில் போர்வை மாட்டிவிட்டுத்தான் வேலை செய்கிறார். திரையில் பிரென் சுழன்றுகொண்டிருந்தது. அழகான வேலை. மரக்கட்டையின் கீறல்கூட வந்திருந்தது. ஆனால் குறிபார்க்கும் துளையை நடுவில் வைத்திருந்தார். தோட்டாக்களை அடுக்கும் மேகசின், துப்பாக்கியின் தலைமேல் உட்காருவதால் நடுவில் வைத்தால் ஒன்றும் தெரியாது. நிஜத் துப்பாக்கியில் அது இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். சுடும்போது காலித் தோட்டாக்கள் வலப்பக்கம் பறந்தன. பிரெனில் அவை அடிவயிற்று வழியாகக் கீழே கொட்டும்.

“மேகசின் ஏன் சார் வளைஞ்சிருக்கு? செக்காரன் போட்டோவுல நேரா இருக்கே?” நல்ல கேள்வி. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு ஒன்று வெளியே நீண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பக்கம் தடித்து, அடுக்கு தானாக வளையும். செக் ராணுவத்தின் 7.92 மில்லிமீட்டர் தோட்டாவில் அப்படி நீண்ட விளிம்பு இல்லை. 20 தோட்டா மேகசின் நேராக நின்றது. பிரெனில் 30 போடலாம். ஸ்பிரிங் சோர்ந்துவிடாமல் இருக்க 28 அல்லது 29தான் போடுவார்கள். சுடுபவருக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆள் படுத்திருப்பார். மேகசின் மாற்றுவது, குழல் சூடேறினால் அதைக் கைப்பிடியோடு கழற்றி வேறு குழல் மாட்டுவது எல்லாம் அவர் வேலை. விளையாட்டுகளில் இந்த இரண்டாம் ஆளைக் காணவே முடியாது. ஒரே ஆள் பத்துக் கிலோத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

இன்னொரு சிக்கலையும் சொன்னேன். பிரிட்டன் பிரெனைத் தேர்ந்தெடுத்தபோது, இந்திய ராணுவம் அதற்கு முன்பே 1933இல் விக்கர்ஸ்-பெர்த்தியே என்ற வேறொரு துப்பாக்கியை ஏற்று, வங்காளத்தின் ஈசாப்பூர் ஆலையில் செய்துகொண்டிருந்தது. அதற்கும் தலைமேல் வளைந்த மேகசின்தான். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்தில் வைத்தால் விக்கர்ஸ்-பெர்த்தியே கொஞ்சம் ஒல்லி. போரின் தொடக்க ஆண்டுகளில் இந்தியப் படைப்பிரிவுகள் பலவற்றிடம் இருந்தது இதுதான். ஈசாப்பூரிலேயே பிரெனும் தயாராகத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல இடம் மாறியது. ஆகவே 1942 ஏப்ரல் மெட்ராஸ் கரை என்றால் எல்லார் கையிலும் பிரெனைக் கொடுப்பது சரியாக வராது; இரண்டையும் கலந்து வைக்க வேண்டும்.

எனக்கு இந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் மனம் நிற்கும் இடம் 1944, இம்பால் போர்க்களம். இந்திய ராணுவத்தின் பக்கம் பிரென். எதிரே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் ஆயுதங்கள்தான் அதன் கையில் இருந்தன. அவற்றிலும் பிரென் உண்டு. அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களோடு நின்ற ஜப்பானியரிடம் 96ஆம் வகை இயந்திரத் துப்பாக்கி. சீனாவில் இசட்.பி. 26இன் குண்டுகளை வாங்கிக்கட்டிக்கொண்டு, அதைக் கைப்பற்றிப் படித்துத்தான் அதன் தோற்றத்தை ஜப்பான் அமைத்தது. தலைமேல் வளைந்த மேகசின், கைப்பிடியோடு கழற்றும் குழல் எல்லாம் அப்படியே. பிர்னோவின் சாயல் எல்லாப் பக்கமும். நிழலை மட்டும் வைத்து எவன் எதிரி என்று சொல்ல முடியாது.

பெரிய விளையாட்டு நிறுவனங்கள் இந்தப் போர்க்களத்தைப் பெரும்பாலும் தொட்டதில்லை. நார்மண்டியையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். 1999இல் ‘ஹிட்டன் அண்ட் டேஞ்சரஸ்’ என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டை உருவாக்கிய இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ், துப்பாக்கி பிறந்த அதே பிர்னோ நகரத்து நிறுவனம் என்பதைக் கேட்டுத் தம்பி நம்பவில்லை; தேடிப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

போர் முடிந்த பிறகும் பிரென் ஓய்வெடுக்கவில்லை. இந்திய ராணுவம் விளிம்பு நீளாத 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறியதும், கான்பூர் ஆலை அதே வடிவத்தை அந்தத் தோட்டாவுக்கு மாற்றி எல்.எம்.ஜி. 1பி என்று செய்தது. மேகசினின் வளைவு ஏறக்குறைய மறைந்து, ஹோலெக்கின் பழைய நேர்க்கோட்டுக்கே திரும்பியது. இந்திய ராணுவம் 1990களில் இன்சாஸ் ரகத் துப்பாக்கிகளுக்கு மாறத் தொடங்கும்வரை முதன்மை இலகு இயந்திரத் துப்பாக்கி இதுதான்.

டாங்கியை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவதாகத் தம்பி ஒப்புக்கொண்டார், அரை மனதோடு. ரிவெட் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்தவர் இல்லையா? ஈரானுக்கு ஒரு தனி வரைபடம் போடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறேன்.

(அடுத்த இதழில்: 1943 அக்டோபரில் மெட்ராஸ் மீது குண்டு போட்ட ஜப்பானிய விமானம்)