புண்ணும் வடுவும்: உளவியற் சொல் ஒன்றின் வரலாறு

உளவியல் ஆலோசனைக்குரிய கலைச்சொற்கள் பல இன்று அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. அவற்றுள் 'ட்ராமா' என்பதும் ஒன்று. தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும் ட்ராமா, பேருந்தில் இடம் கிடைக்காவிட்டாலும் ட்ராமா என்று இளைஞர்கள் சொல்லக் கேட்கிறோம். இச்சொல் கடந்துவந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தால், இதனை இவ்வளவு எளிதாகச் செலவழிக்க மனம் வராது.

'ட்ராமா' கிரேக்கச் சொல். புண் என்பது அதன் பொருள். நெடுங்காலம் அது அறுவை மருத்துவர்களின் சொல்லாகவே இருந்தது. அது உடலிலிருந்து உள்ளத்துக்கு இடம்பெயர இரயில் வண்டியும் ஒரு காரணமாயிற்று. விபத்தில் தப்பிய பயணியர் சிலர், வெளிக்காயம் ஏதும் இல்லாதபோதும் உறக்கமின்மையாலும் நடுக்கத்தாலும் வருந்தினர். இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இதுபற்றி நூல் எழுதினார். தண்டுவடம் அதிர்ந்ததே காரணம் என்பது அவர் கருத்து. 1889இல் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம், 'அதிர்ச்சிவழி நரம்புநோய்' எனப் பொருள்படும் தொடரையே தம் நூலின் தலைப்பாக்கினார். காரணத்தை இருவரும் உடலிலேயே தேடினர்.

முதல் உலகப்போர் இவ்வினாவைப் பெரிதாக்கியது. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்னும் உளவியலறிஞர், 'லான்செட்' மருத்துவ இதழில் மூன்று வீரர்களின் நிலையை விவரித்து, 'ஷெல் ஷாக்' என்னும் தொடரை மருத்துவ உலகில் வழங்கச் செய்தார். குண்டு வெடிப்பின் அதிர்ச்சி என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் குண்டு அருகில் வெடிக்காத வீரர்களும் பேச்சிழந்தனர், நடுங்கினர். அப்படியானால் இது நோயா, கோழைத்தனமா? இக்கேள்விக்கான விடையில் பலரது உயிர் ஊசலாடியது. ஹாரி ஃபார் என்ற படைவீரர் 1915இல் இதே நோய்க்காகப் பல மாதம் மருத்துவமனையில் இருந்தவர். 1916இல் மீண்டும் போர்முனைக்குச் செல்ல மறுத்ததால், கோழை எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1917இல் பிரிட்டிஷ் இராணுவம் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே தடுத்தது. சொல்லை விலக்கினால் நோயும் குறையும் என்று நினைத்தார்கள் போலும்! ஃபார் உள்ளிட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

அதே காலத்தில் வேறொரு வழியைக் காட்டியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களிடையே தங்கி ஆய்ந்து 1906இல் 'தோடர்கள்' என்னும் பெருநூலை எழுதிய மானிடவியலாளர் இவரே. எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் படை அதிகாரிகளுக்கு மருத்துவம் பார்த்தார். கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றவர்.

'ரிப்ரஷன்' என்ற சொல்லை இங்கே விளங்கிக்கொள்வது எளிது. தாங்கவியலாத நினைவை உள்ளே அமுக்கிவைப்பதே அது, 'ஒடுக்கல்' எனலாம். மறந்துவிடு, நினைக்காதே என்று ஊரார் சொன்ன அறிவுரையே நோயை வளர்க்கிறது என 1918இல் வெளியான கட்டுரையில் ரிவர்ஸ் வாதிட்டார். நண்பனின் உடல் சிதறிக் கிடந்ததைக் கண்ட ஓர் அதிகாரியை இரவுதோறும் அக்காட்சி கனவில் வாட்டியது. அச்சிதைவே நண்பர் நொடியில், வேதனை அறியாமல் இறந்ததற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அவ்வதிகாரியின் கனவுகள் மெல்ல மாறின. எல்லா நினைவுக்கும் இவ்வாறு ஆறுதற்பக்கம் கிட்டவில்லை. அத்தகைய ஒருவர் இராணுவத்தை விட்டு நீங்கிக் கிராமப்புறத்தில் அமைதி தேடச் சென்றதையும் அவர் மறைக்காமல் பதிந்துள்ளார்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்காக எழுந்த குரல்களும் சேர்ந்து, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மூன்றாம் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்னும் பெயரை இடம்பெறச் செய்தன. பேரிடருக்குப் பிற்பட்ட மனவழுத்தக் கோளாறு என்று அதனை விரிக்கலாம். நோயாளியின் குணக்கேடு காரணமன்று, அவருக்கு நேர்ந்ததே காரணம் என்பது அப்பெயரிலேயே பதிந்தது.

போரைக் கண்ட ஈழத்தமிழ் வழக்கில் ட்ராமாவுக்கு 'மனவடு' என்றும், கவுன்சலிங்குக்கு 'உளவளத்துணை' என்றும் பெயர். கிரேக்கம் புண் என்றது. தமிழ் வடு என்கிறது. புண்ணுக்கும் வடுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறள் கற்ற நமக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் கவுன்சலிங்கைச் சிலர் 'ஆற்றுப்படுத்தல்' என்கின்றனர். பரிசில் பெற்றவன் எதிர்வருவோனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை மரபை நினைவூட்டும் இப்பெயரும் பொருத்தமானதே.

கலைச்சொல்லை மிகையாகப் பயன்படுத்துவோர் ஒருபுறம் இருக்க, மறுபுறத்தையும் நாம் மறத்தலாகாது. வீட்டில் ஒரு சாவோ வன்முறையோ கண்டபின் வகுப்பில் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவரை 'சோம்பேறி' என்றும் 'அழுத்தக்காரர்' என்றும் ஆசிரியராகிய நாமே பெயரிட்டுவிடுகிறோம். 1916இல் ஓர் இராணுவ நீதிமன்றம் வழங்கிய பெயரும் இத்தகையதே. அம்மாணவரிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்பதுதான்.