1990ஆம் ஆண்டு அமெரிக்க பட்ஜெட் உடன்பாடு

அமெரிக்க மத்திய அரசின் பற்றாக்குறையைக் குறைக்க, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ஜார்ஜ் புஷ் (பின்னாளில் அதிபரான புஷ்ஷின் தந்தை), ஜனநாயகக் கட்சியின் பிடியிலிருந்த காங்கிரசுடன் செய்துகொண்ட உடன்பாடு. பற்றாக்குறை குறைய வேண்டும் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. யார் மடியில் கைவைப்பது என்பதில்தான் சண்டை.

1985இல் இயற்றப்பட்ட கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டம் ஆண்டுதோறும் பற்றாக்குறைக்கு ஓர் இலக்கு வைத்தது. இலக்கு தவறினால் செலவுகள் தாமாகவே வெட்டப்படும். 1991 நிதியாண்டுக்கான இலக்கு 6,400 கோடி டாலர். 1990இன் உண்மைப் பற்றாக்குறையோ சுமார் 22,100 கோடி. ஆனால் 1988 கட்சி மாநாட்டில் “என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி கிடையாது” என்று புஷ் முழங்கியிருந்தார். 1990 ஜூன் 26 அன்று வெளியிட்ட அறிக்கையில், வரி வருவாயைக் கூட்டுவதும் தேவை என்று அவரே ஒப்புக்கொண்டார். சொந்தக் கட்சியினர் கொதித்தனர்.

செப்டம்பரில் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் பேச்சு நடந்தது. அங்கு உருவான முதல் வரைவு வருமான வரி விகிதத்தைத் தொடவில்லை. பெட்ரோல் வரியையும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கான கட்டணத்தையும் ஏற்றியது. வரியே கூடாது என்று குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச் தலைமையில் ஒரு கூட்டம் எதிர்த்தது. சுமை முதியோர் தலையிலும் நடுத்தர வர்க்கத்தின் தலையிலும் விழுகிறதே என்று ஜனநாயகக் கட்சியினர் பலர் எதிர்த்தனர். அக்டோபர் 5இல் பிரதிநிதிகள் சபை 179க்கு 254 என்ற கணக்கில் அதைத் தோற்கடித்தது. இரு கட்சியிலும் எதிர்த்தவர்களே அதிகம். செலவுக்கான ஒப்புதல் இல்லாமல், அடுத்து வந்த கொலம்பஸ் தின விடுமுறையில் அரசு முடங்கியது. தலைநகருக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் அருங்காட்சியகங்களின் பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்பினர்.

நவம்பர் 5இல் புஷ் கையெழுத்திட்ட இறுதிச் சட்டத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 28இலிருந்து 31 சதவீதமாயிற்று. பெட்ரோல் வரி கேலனுக்கு 5 சென்ட் ஏறியது. 1,00,000 டாலருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளுக்கு விதித்த ஆடம்பர வரி, படகு கட்டும் தொழிலாளர்களின் வேலையைப் பறிக்கிறது என்ற புகாருக்கு ஆளாகி 1993இல் நீக்கப்பட்டது.

வரிகளைவிட முக்கியமானது சட்டத்திலிருந்த கட்டுப்பாடு. வரிச் சலுகையோ நலத்திட்ட விரிவாக்கமோ கொண்டுவருபவர் அதற்கான பணத்துக்கு வழியையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் செலவுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. ஆனாலும் பொருளாதார மந்தத்தால் 1992 பற்றாக்குறை சுமார் 29,000 கோடியாக வீங்கியது. வாக்குத் தவறியவர் என்ற பெயரோடு புஷ் அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். அடுத்து அதிபரான கிளின்டனின் 1993 வரி உயர்வும், தொடர்ந்த பொருளாதார வளர்ச்சியும், இந்தக் கட்டுப்பாடும் சேர்ந்து 1998இல் உபரியைக் கொண்டுவந்தன. 1969க்குப் பின் அதுவே முதல் உபரி.

2014இல், ஜனநாயகக் கட்சி அதிபர் கென்னடியின் பெயரிலுள்ள நூலக அறக்கட்டளை, இந்த உடன்பாட்டுக்காகவே புஷ்ஷுக்கு அரசியல் துணிவுக்கான விருதை வழங்கியது.