கடல் விலகிப்போன காத்தோங்

"சிங்கப்பூரில் தமிழர் வரலாறு எங்கெல்லாம் இருக்கிறது?" என்று உயர்நிலை மூன்று மாணவர்களிடம் ஒருமுறை கேட்டேன். தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் என்று பட்டியல் வந்தது. ஒரு மாணவி மட்டும், "டீச்சர், நாங்க காத்தோங்லதான் இருக்கோம். அங்க பணக்காரங்க வீடும் லக்சா கடையும்தான் இருக்கு. நம்ம வரலாறு ஒண்ணும் இல்ல," என்றாள். அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

தென்னந்தோப்பும் மாளிகைகளும்

19-ஆம் நூற்றாண்டில் காத்தோங் ஒரு மணற்பாங்கான கடற்கரை. தென்னந்தோப்புகள் நிறைந்த இடம். நகரத்தில் நெரிசல் கூடக் கூட, வசதி படைத்தவர்கள் கடற்காற்றைத் தேடிக் கிழக்கே வந்தார்கள். ஐரோப்பியர், பெரனாக்கன் சீனர், யுரேஷியர் எனப் பலரும் தோப்புகளுக்கு நடுவே பங்களாக்கள் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. ஜூ சியட் சாலை, அங்கே நிலம் வைத்திருந்த சியூ ஜூ சியட் என்ற சீனச் செல்வந்தரின் பெயரைத் தாங்கியது. 1933-இல் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி வந்தது. அந்தக் காலத்தில் பள்ளிக்குப் பக்கத்திலேயே கடல்!

காரைக்கால் மகால்

இந்தச் செல்வந்தர்களில் நம்மவர் ஒருவரும் இருந்தார். பெயர் மூனா காதர் சுல்தான். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலிருந்து வந்தவர். மாட்டு வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டி, "மாட்டு ராஜா" என்று சொல்லும் அளவுக்கு உயர்ந்தவர்.

மாட்டு வணிகம் என்றதும் தேக்கா நினைவுக்கு வருகிறதா? வரணும். தேக்காவின் பழைய மலாய்ப் பெயர் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில். பஃபலோ சாலை என்ற பெயரும் அந்தத் தொழிலின் மிச்சம்தான். சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு உருவம் கொடுத்த அதே தொழிலில் ஈட்டிய செல்வம், காத்தோங் கடற்கரையில் மாளிகையாக எழுந்தது.

1920-ஆம் ஆண்டையொட்டி, இத்தாலியப் பாணியில் தம் குடும்பத்துக்காக அவர் கட்டிய மாளிகைத் தொகுதிக்குத் தாம் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார்: காரைக்கால் மகால். 1947-இல் அது கிராண்ட் ஹோட்டல் ஆனது. பிறகு ஸ்டில் சாலை தெற்கே நீட்டப்பட்டபோது, வளாகமே இரண்டாகப் பிரிந்தது. சில காலம் ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தில், 2016 முதல் பிள்ளைகளின் குரல் கேட்கிறது. ஆமாம், ஒரு பாலர் பள்ளி!

செண்பக மரத்தடியில்

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சிலோன் சாலையில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை கிடைத்ததாகவும், அங்கே எழுப்பிய சிறு கொட்டகைதான் பின்னர் ஆலயமானதாகவும் வரலாறு சொல்கிறது. எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் அரசுப் பணிக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். போர்க்காலத்தில், 1942-இல், குண்டுவீச்சில் ஆலயம் சேதமடைந்தது. மறுபடியும் கட்டினார்கள். 2003-இல் புதிய இராசகோபுரத்துடன் குடமுழுக்கு நடந்தது.

காரைக்கால் முஸ்லிம் ஒருவரின் மாளிகை, யாழ்ப்பாணத்து மக்கள் வளர்த்த கோயில். இரண்டும் ஒரே வட்டாரத்தில். "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல முடியுமா?

கடல் எங்கே போனது?

காரைக்கால் மகால் ஒரு கடற்கரை மாளிகை. ஆனால் இன்று அதன் முன்னே நின்றால் கடல் தெரியாது. வீவக அடுக்குமாடிகள், விரைவுச்சாலை, பூங்கா ஆகிய மூன்றையும் கடந்தால்தான் அலையைப் பார்க்கலாம்.

காரணம், 1966-இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புத் திட்டம். பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டி எடுத்த மண்ணைக் கொண்டு கடலை நிரப்பினார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் 1,500 ஹெக்டருக்கும் மேல் நிலம் கிடைத்தது. 1970-களில் அதன்மீது மரின் பரேட் வீவக நகரம் எழுந்தது. சாங்கி விமான நிலையம் திறந்த 1981-இல் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையும் வந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பு கடல் காட்சி மாளிகைக்காரர்களுக்குத்தான் வீட்டு வாசலில் கிடைத்தது. கடல் விலகிய பிறகு, அந்த இடத்தில் சாதாரணக் குடும்பங்கள் குடியேறின. புதிய கரை முழுவதும் எல்லாருக்கும் பொதுவான பூங்காவானது. ஆனால் பழைய கடற்கரை போனது போனதுதான். கட்டடத்தைப் பாதுகாக்கலாம், அது எதைப் பார்த்துக்கொண்டு நின்றதோ அதைப் பாதுகாக்க முடியவில்லை. மாணவர்கள் 'விளைவுகள்' எழுதும்போது இந்த இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

போய்ப் பார்க்க

2024 முதல் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை இவ்வட்டாரம் வரை ஓடுவதால் கற்றல் பயணம் எளிது. காத்தோங் பூங்காவில் 1879-இல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் எச்சத்தைப் பாருங்கள். கடலைக் காக்கக் கட்டிய கோட்டை இன்று நிலத்துக்குள் இருக்கிறது! கூன் செங் சாலையில் பூவோடுகள் பதித்த வண்ண வண்ண பெரனாக்கன் வீடுகள் உண்டு. பசித்தால், நூடல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக் கரண்டியாலேயே சாப்பிடும் காத்தோங் லக்சா இருக்கிறது.

வகுப்பு நடவடிக்கையாக இதைச் செய்யலாம்: கோட்டை, காரைக்கால் மகால், செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி ஆகிய மூன்றையும் இன்றைய வரைபடத்தில் குறித்து, ஒரு கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். பழைய கடற்கரை ஏறக்குறைய எந்தப் பக்கமாக ஓடியது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. உயரும் கடல்மட்டத்திலிருந்து இந்தக் கரையைக் காக்க, ஏறத்தாழ 800 ஹெக்டரில் 'லாங் ஐலண்ட்' என்ற புதிய நிலப்பரப்பை உருவாக்கும் திட்டத்தை 2023-இல் அரசாங்கம் அறிவித்தது. இன்று அந்த மாணவி சைக்கிள் ஓட்டும் கரையும் ஒரு நாள் உட்பகுதியாகிவிடலாம். அப்போது, "இங்கதான் ஒரு காலத்துல கடல் இருந்துச்சு," என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.