மகரக்கட்டு: செங்கோட்டைப் பையனும் தரை டிக்கெட்டும்

பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி எழுதியவர்கள் அவற்றை ஒன்று குருகுலம் என்கிறார்கள், அல்லது கொத்தடிமைக் கூடம் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கதையாடல்களிலும் போகிற போக்கில் வந்துபோகும் ஒரு சொல்லை யாரும் நிறுத்தி விசாரித்ததில்லை: மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனின் குரல் உடைவதற்கு நாடகக்காரர்கள் சொன்ன பெயர். கலையை ஏழை எளியவர்களுக்கு, அதிலும் இளவயதுப் பிள்ளைகளுக்கு, எட்டச் செய்வது பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது என்று எனக்குப் படுகிறது.

தென்காசியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். எஸ். ஜி. கிட்டப்பா அங்கே 1906இல் பிறந்தார். வறுமையான பெரிய குடும்பம். அண்ணன்மாரும் மேடைக்குப் போனவர்கள்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்று, பதின்ம வயதில் கன்னையா கம்பெனிக்குப் போய், இருபத்தேழு வயதில், 1933 டிசம்பரில் முடிந்துபோன வாழ்க்கை. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் அதிகத் தொடர்பு இல்லை. நாடகம்தான் பள்ளி, அதுதான் பிழைப்பு, சோறும் அதுவே.

சுவாமிகள் ஏன் சிறுவர்களிடம் போனார்? வயதுவந்த நடிகர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசவில்லை. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்க வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். சிறுவர்கள் சொன்னதைச் சொன்னபடி சொல்வார்கள். 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள், டி. கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. ஆக, பிரதிக்குக் கட்டுப்பட்ட உடல் தேவைப்பட்டது, அது குழந்தையின் உடலாக இருந்தது. சுவாமிகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தமிழ் நாடகத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது அவரால்தான். அந்த ஒழுங்கின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி மூலையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்கவேண்டும். கேட்காவிட்டால் மறுநாள் வரமாட்டான். அங்கே வரைக்கும் கிழித்துக்கொண்டு போகக்கூடியது உடையாத குரல். சாப்பாடு போட்டு, பெற்றோருக்குச் சொற்பம் அனுப்பிவைத்தால் கிடைத்த குரலும் அதுதான். தரை டிக்கெட் மலிவாக இருந்ததற்கு இதைவிட நேரடியான காரணம் எனக்குத் தெரியவில்லை. உழைப்பாளி காசு கொடுத்துக் கலை பார்க்கிற வெளி முதன்முதலாகத் திறந்தது உண்மை. கோயில் மண்டபத்தில் நுழைய முடியாதவனும் கொட்டகையில் காசைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். ஆனால் அந்த மலிவுக்கு மானியம் கொடுத்தது எந்த சர்க்காரும் இல்லை. பத்து வயதுப் பையனின் தொண்டை கொடுத்தது.

பிறகு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொள்ளும். நேற்றுவரை ராஜபார்ட், இன்றைக்குச் சேவகன். இல்லையென்றால் ஊருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். மீண்டு வந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் பிற்பாடு சுயசரிதை எழுதினார்கள், அல்லது சினிமாவுக்குப் போனார்கள். கிட்டப்பாவின் குரல் உடைந்தும் உச்சியிலேயே நின்றது, அது விதிவிலக்கு. திரும்பி வராத குரல்களுக்கு ஆவணம் கிடையாது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழும் பேசும்படமாகிவிட்ட பிறகு கம்பெனிகளே ஒவ்வொன்றாக உடைந்தன.

பெண்பிள்ளைகள்? பால சபைகளில் இடமே இல்லை, ஸ்திரீபார்ட்டும் பையன்தான். கொடுமுடி சுந்தராம்பாள் சிறுமியாக வேலு நாயர் கம்பெனி வழியாக மேடைக்கு வந்தார். அது வேறு பாதை, அதற்கு வேறு விலை.

இந்தப் பக்கத்தில் காசில்லாத கலை இல்லாமல் போய்விடவில்லை. கோடை விழாவில் விடியவிடிய வில்லுப்பாட்டு நடக்கிறது, கணியான் கூத்து நடக்கிறது, டிக்கெட் கிடையாது. குற்றாலம் சித்திர சபையின் சுவர் முழுக்க ஓவியம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சிக்கு மதுரை நாயக்க அரசர் நிலம் கொடுத்தார், குறவஞ்சி மேடு என்று பெயர். ரசிகமணி டி. கே. சி. 1954இல் இறக்கும்வரை குற்றாலத்தில் நண்பர்களுக்குக் கம்பனை ருசிக்கக் கற்றுக்கொடுத்தார். பார்க்கவும் கேட்கவும் குறையில்லை. ஆனால் கூத்தைக் கற்பது குடும்பத்துக்குள், சாதிக்குள் சுற்றுகிறது. ரசனையோ பெரியவர்களின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பதினாலு வயதுப் பையன் ‘நானும் அடிச்சுப் பாக்கட்டா’ என்று வில்லை வாங்கிப் பார்க்க எங்கே போவான்?

சர்க்கார் பதில் சொல்லவில்லை என்றும் சொல்லமுடியாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 1990களின் கடைசியில் வந்தன. பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயது வரை சேரலாம், நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் உண்டு, கட்டணம் பெயருக்குத்தான். நல்ல காரியம். ஆனால் மூன்று வருஷம் முழுநேரப் படிப்பு. எட்டாம் வகுப்புப் பையன் தவிலா பள்ளிக்கூடமா என்று தீர்மானித்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். கிட்டப்பாவின் வீட்டில் 1910களில் எடுத்த அதே முடிவு.

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கலை வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி எல்லாம் ஒரே பட்டியலில். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் சென்னைத் தெருவில் உட்கார்ந்த நாட்கள் பல. 2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். போட்டிக்கு முந்தின மாசம் பயிற்சி, முடிந்ததும் பழையபடி கணக்கு வகுப்பு.

குற்றாலத்தில் சாரல் விழா நடக்கிற கட்டடத்துக்குக் கலைவாணர் அரங்கம் என்று பெயர். நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டே நாடகம் பார்த்த பையன் அவர். காசில்லாதவன் உள்ளே போக அன்றைக்கு அப்படி ஒரு வாசல் இருந்தது. செங்கோட்டையில் இப்போது தொண்டை உடைந்துகொண்டிருக்கிற பையனிடம், ‘ஆறு மாசம் கத்தாம இருல, குரல் திரும்பி வரும், அதுவரைக்கும் மிருதங்கத்தத் தட்டு’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் பள்ளிக்கு வருகிறார்.