எங்கள் ஊர்ச் சிறையில் எங்கள் ஊர்க்காரர்கள்

அந்தமானில் பிறந்தவனுக்கு ஒரு தலைவிதி உண்டு. வெளிநாட்டில் யாரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னாலும், "அப்படியா, ஒரு தடவை நாங்களும் வர்றோம்" என்பார்கள். இந்த முறை இரண்டு நண்பர்கள் குடும்பத்தோடு வந்தே விட்டார்கள்!

எங்கள் வீடு ஜங்லிகாட்டில். காட் என்றால் இந்தியில் படகுத்துறை. விடிகாலையில் மீன் படகுகள் வரும்போது தமிழும் தெலுங்கும் வங்காளமும் கலந்து கேட்கும்; எல்லோருக்கும் பொதுவாக இந்தி. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை.

அடுத்து, வழக்கம்போல செல்லுலார் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. ஏழு கிளைகளில் இன்று நிற்பவை மூன்று. செக்கு, தூக்குமேடை, சாவர்க்கர் இருந்த அறை எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நண்பரின் மகள் கேட்டாள்: "அங்கிள், எல்லாரும் வெளியூர்லேர்ந்து வந்த கைதிங்கதானா? உங்க ஊர்க்காரங்க யாரும் உள்ள இல்லையா?"

சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்து சொன்னேன்.

இருந்தார்கள். ஆனால் அவர்களை அடைத்தது வெள்ளைக்காரன் இல்லை.

அரசியல் கைதிகளை 1938-க்குள் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1942 மார்ச் 23 அன்று ஜப்பான் படை போர்ட் பிளேயரில் இறங்கியது. ஆங்கிலேய அதிகாரிகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கப்பலேறியிருந்தார்கள். ஆசியாக்காரன் வந்துவிட்டான், இனி விடிவுதான் என்று நம்பியவர்கள் உண்டு. நம்பிக்கை சீக்கிரமே போனது. பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னதாகச் சந்தேகப்பட்டு ஜப்பானியர் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அதே அறைகளில் இப்போது தீவுக்காரர்கள்.

அவர்களில் ஒருவர் டாக்டர் திவான் சிங். பஞ்சாபி, மருத்துவர், கவிஞர். இங்கே இந்திய சுதந்திர லீக்கின் தலைவர். 1943 அக்டோபரில் கைதானார். எண்பது நாட்களுக்கும் மேல் சித்திரவதை. 1944 ஜனவரி 14 அன்று சிறையிலேயே உயிர்விட்டார். அதே மாதம் 30-ஆம் தேதி, ஊருக்கு வெளியே ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் லீக்கைச் சேர்ந்தவர்கள்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் கொஞ்சம் முன்னால், 1943 டிசம்பர் 30 அன்று, நேதாஜி போர்ட் பிளேயரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அன்றைக்கு திவான் சிங் சிறைக்குள்தான் இருந்தார். உள்ளூர் மக்களோடு தனியே பேச நேதாஜியை ஜப்பானியர் விடவில்லை என்பார்கள். பிறகு ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் நிர்வாகத்துக்கு வந்தவர் ஒரு தமிழர், லெப்டினென்ட் கர்னல் ஏ.டி. லோகநாதன். பெயருக்குத்தான் பதவி. அவர் கையில் கிடைத்தது கல்வித்துறை. போலீஸ் ஜப்பானியர் வசமே இருந்தது.

கடைசிக் கொடுமை 1945 ஆகஸ்டில். சாப்பாட்டுப் பஞ்சம். புதிய இடத்தில் பயிர் செய்யலாம் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றி, ஹேவ்லாக் தீவுக்கு அருகே கடலில் தள்ளினார்கள். கரையேறியவர்களிலும் பெரும்பாலோர் பட்டினியில் செத்தார்கள். 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய, தேனிலவுக்குப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தத் தீவுதான். நாங்களும் மறுநாள் காலைக் கப்பலுக்கு அங்கே டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம்.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நண்பர் கேட்டார்: "இதை ஏன் யாரும் உரக்கச் சொல்றதில்லை?"

எனக்குத் தோன்றுவது இதுதான். வெள்ளைக்காரன் கொடுமைக்காரன், நாம் தியாகி என்பது சொல்லச் சுலபமான கதை. நேதாஜியின் கூட்டாளி நம் ஆட்களைக் கொன்றான் என்பது சங்கடமான கதை. மலேயாத் தமிழர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். ஐ.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அவர்கள்தான். சயாம் மரண ரயில் பாதையில் மடிந்ததும் அவர்கள்தான். கொடி ஏற்றியதும் உண்மை, திவான் சிங் செத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டாம்.

ஹேவ்லாக் போய் வந்த பிறகு, ஊர் திரும்பும் முன் ஹம்ஃப்ரிகஞ்ச் போனோம். சின்ன நினைவிடம். எங்களைத் தவிர யாரும் இல்லை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவளைப் பார்த்து நாங்களும் கழற்றினோம்.

போர்ட் பிளேயர் 2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம். பெயர் எதுவானாலும், போகிறவர்கள் டாக்சிக்காரரிடம் ஹம்ஃப்ரிகஞ்சில் பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவராக நிறுத்தமாட்டார்.